நின்றுபோன இரயிலே பழுதைக் காட்டும்

மாணவர்களே, கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகைதான் வடக்கே இருக்கிறது. நண்பகலில் செந்தூல் திடலில் பந்து விளையாடினால் புற ஊதாக் கதிர் உங்கள் தோலைச் சும்மா விடாது. உயிரணுவின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்களை அது ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மரபணுவைப் படியெடுத்துக்கொண்டே வரும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி அங்கே வந்ததும் நின்றுவிடும். படி கிடைக்காவிட்டால் புரதமும் கிடைக்காது.

செந்தூல் பழைய இரயில்வே ஊர்; எனவே இது உங்களுக்கு எளிதில் புரியும். தண்டவாளம் நெடுக நடந்து சோதிக்கும் தொழிலாளி என்றாவது ஒருநாள் பழுதைக் காண்பார். இரயிலே அங்கு நின்றுவிட்டால் அந்த நிமிடமே தகவல் போய்விடும். உயிரணுவிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு.

இரண்டாம் வழியை 1985-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹனாவால்ட் குழுவினர் கண்டனர். சீன ஹேம்ஸ்டர் உயிரணுக்களில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி 26 மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். இயங்கிக்கொண்டிருந்த ஒரு மரபணுவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான பழுது நீங்கியிருந்தது. மொத்த டி.என்.ஏ.விலோ சுமார் 15 விழுக்காடுதான்! படியெடுக்கப்படும் இழைதான் விரைவாகச் சீராகிறது என்பது 1987-இல் தெரிந்தது.

ஆனால் ஒரு சிக்கல். நின்ற இரயில் பழுதின் மேலேயே நிற்கிறதே, எப்படிச் செப்பனிடுவது? மனித உயிரணுவில் சி.எஸ்.பி. என்னும் புரதம் நின்றுபோன பாலிமரேஸை அடையாளம் காண்கிறது. சி.எஸ்.ஏ. முதலிய துணைப் புரதங்கள் வந்து சேர்கின்றன. பாலிமரேஸ் விலக்கப்பட, பழுதுள்ள ஏறத்தாழ 30 எழுத்துகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. எதிர் இழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படுகிறது.

சி.எஸ்.பி. அல்லது சி.எஸ்.ஏ. மரபணு கெட்டால் காக்கேய்ன் நோய்க்குறி வரலாம். லண்டன் மருத்துவர் எட்வர்ட் காக்கேய்ன் 1936-இல் இதை விவரித்தார். வளர்ச்சி குன்றும், செவியும் பார்வையும் மங்கும், இளவயதிலேயே மூப்பு தெரியும். வெயில் பட்டாலே தோல் சிவந்துவிடும். ஆனாலும் தோல் புற்றுநோய் இவர்களுக்கு மிகுதியாக வருவதில்லை. நடந்து சோதிக்கும் முதல் வழி இவர்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது.

வெயிலே படாத மூளை நரம்புகள் ஏன் கெடுகின்றன? நல்ல கேள்வி. நம் உடலே சிறிதளவு ஃபார்மால்டிஹைடை உண்டாக்குகிறது. அது புரதங்களை டி.என்.ஏ.வோடு ஒட்டிப் பாலிமரேஸை மறிக்கும். அந்தத் தடையை நீக்கவும் சி.எஸ்.பி. வேண்டும் என்று 2024-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.