வெடித்த எஃகும் ஒட்டிய பட்டையும்

செமினி

அன்புள்ள தம்பிக்கு,

விரிசல் விழுந்த எஃகை வெல்டிங் செய்யாமல், கரியிழைத் துணியையும் பசையையும் கொண்டே பழுதுபார்க்கலாம் என்று விரிவுரையாளர் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு எழுந்ததென்று எழுதியிருந்தாய். சிரித்தவர்களைக் குறை கூற மாட்டேன். எஃகின் விறைப்பு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கலாக இருக்க, எப்பாக்சிப் பசையின் விறைப்போ 3 கிகாபாஸ்கலை ஒட்டியே நிற்கிறதென்று பாடத்தில் படித்தவர்களுக்கு, இவ்வளவு மெலிந்த பொருள் அவ்வளவு வலிய பொருளுக்குத் துணையாகுமா என்ற சந்தேகம் எழுவது இயல்பே.

முதலில் விரிசலின் சுபாவத்தை அறிந்துகொள். என்றோ ஒருமுறை விழும் பெரும் பாரத்தைக் காட்டிலும், அலையாகவும் காற்றாகவும் வண்டிச் சக்கரமாகவும் லட்சக்கணக்கான தடவை வந்துபோகும் சிறு பாரமே எஃகை அயரச் செய்கிறது. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டபின், அதன் மூலகாரணத்தைத் தேடிச் சென்றவர்கள் கண்டடைந்தது, ஒலிவாங்கும் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காகத் தாங்குகுழாயில் இட்டிருந்த 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் பிறந்த விரிசலைத்தான்.

அத்தகைய விரிசலையும் வெல்டிங் செய்தே அடைக்கலாமே என்பாய். திரங்கானுவுக்கும் சரவாக்குக்கும் அப்பால் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நங்கூரமிட்டு நிற்கும் எண்ணெய் உற்பத்திக் கப்பல்களை நினைத்துப் பார். அவற்றின் தொட்டிச் சுவரில் ஒரு நெருப்புப் பொறி விழ வேண்டுமானால், எண்ணெயை இறக்கி, தொட்டியைக் கழுவி, வாயுவை வெளியேற்றி, தேவைப்பட்டால் உற்பத்தியையே நிறுத்தி வைக்க வேண்டும். அந்தச் செலவையும் அபாயத்தையும் எண்ணியே பொறியாளர்கள் நெருப்பில்லாத இந்த உபாயத்தை நாடினார்கள்.

இந்தக் கரியிழை ஒட்டு விரிசலை ஆற்றுவதில்லை என்பதை மனத்தில் பதித்துக்கொள். விரிசல் அடியில் அப்படியே இருக்கும். அதன் இரு கரைகளையும் மேலே படிந்த கரியிழை பற்றிக்கொண்டு, அவை அகன்று திறக்க முயலுந்தோறும் இழுத்து நிறுத்துகிறது. தகட்டின் பாரம் பசை வழியாக இழைக்கு ஏறி, விரிசலைத் தாண்டி, மறுகரையில் மீண்டும் பசை வழியாகவே தகட்டுக்கு இறங்குகிறது. ஒட்டில்லாத விரிசலின் முனையில் தகைவுச் செறிவு, நீளத்தின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். ஒட்டின் அடியிலுள்ள விரிசலிலோ, ஓரளவு நீண்டபின் அச்செறிவு ஒரு வரம்பில் வந்து நின்றுவிடும். இந்த முறையின் உயிர்நாடி அதுவே என்பது என் அபிப்பிராயம். எஃகில் விரிசல் வளரும் வேகம் அச்செறிவின் ஏற்றத்தாழ்வினுடைய மும்மடிப் பெருக்கத்தை ஒட்டியது என்பதால், அதைப் பாதியாக்கினால் வேகம் எட்டில் ஒன்றாகிவிடும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. பாரம் முழுவதும் ஒட்டின் விளிம்புகளிலும் விரிசலின் ஓரத்திலும்தான் பசை வழியே கைமாறுகிறது. இடையில் உள்ள பசை பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஆதலால் ஒட்டை மேலும் மேலும் நீட்டுவதால் வலிமை கூடாது. விளிம்பைப் படிப்படியாக மெலியவிட்டு முடிப்பதே பயன் தரும்; தடித்த விளிம்போ தானே உரிந்துகொள்ளும்.

இக்கலை எஃகில் பிறந்ததன்று. 1970களில், மெல்பர்ன் விமான ஆய்வுக்கூடத்தில் ஆலன் பேக்கரும் அவர் குழுவினரும் ஆஸ்திரேலிய விமானப்படையின் ஹெர்குலிஸ், மிராஜ் விமானங்களின் அலுமினியத்தில் போரான் இழை ஒட்டிக் காட்டினார்கள். கப்பல் எஃகுக்கென்று, கப்பல்களுக்குத் தரச்சான்று வழங்கும் டிஎன்வி நிறுவனம் 2012-இல் தனி வழிகாட்டு நூலே வெளியிட்டது. நம் மலேசியாவின் பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தோடு சேர்ந்து, எண்ணெய்க் குழாய்களைச் சுற்றும் கூட்டுப்பொருள் உறையை உருவாக்கியது. அது விரிசலைவிட அரிப்புக்கே அதிகம் உரியது.

இனி நம் பிரதேசத்து விஷயத்துக்கு வருகிறேன். பசை துருவோடும் உப்போடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் பற்றினால் அவற்றோடேயே கழன்றும் வரும். எனவே நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, கரைப்பானால் பிசுக்கைத் துடைத்து, கிரிட் துகள்களை வீசிச் சுரண்டி, வெறும் எஃகை வெளிக்கொணர்ந்து, அது மீண்டும் துருப்பிடிக்குமுன் ஒட்டியாக வேண்டும். காற்று 30 டிகிரி வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருந்தால், பனிபடியும் நிலை 26 டிகிரியை எட்டிவிடும். தகடு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டுமென்பது பூச்சுத் தொழிலின் விதி. கடல்நீர் தொட்டுக்கொண்டிருக்கும் கப்பல் சுவரோ 29 டிகிரியைத் தாண்டத் தயங்கும். ஆகவே கிள்ளான் துறைமுகத்திலும், மழைமேகம் புரோகா குன்றைச் சூழும் நம் செமினிப் பக்கத்திலும், கூடாரமிட்டு ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் வைக்காமல் இக்காரியத்தில் இறங்குவது துணிச்சல் அன்று, அசட்டுத்தனம்.

வெயிலும் எதிரிதான். சாதாரண வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி, 60 டிகிரியை நெருங்கும்போது தளரத் தொடங்கலாம். உச்சி வெயிலில் கப்பல் மேல்தளம் அந்தச் சூட்டை எட்டிவிடும். அதற்கஞ்சிச் சூடேற்றி இறுக்கினாலோ, ஆறும்போது எஃகு சுருங்க, கரியிழை ஏறக்குறைய சுருங்காமலே நிற்பதால், தகட்டில் இழுவிசை தங்கி விரிசலையே திறக்கப் பார்க்கும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதுதான் வடிவமைப்பவரின் திறமை. கரியிழை எஃகை நேரே தொட்டால் ஈரத்தில் மின்வேதி அரிப்பு உண்டாகுமாதலால், இடையில் ஒரு படலம் கண்ணாடியிழை வைக்க மறவாதே.

இதையெல்லாம் என் சொல்லை நம்பி ஏற்காதே. உங்கள் ஆய்வுக்கூடத்தில் இரு ஜோடி எஃகுத் துண்டுகள் கேட்டு வாங்கு. ஒன்றை முறைப்படிச் சுரண்டித் துடைத்து ஒட்டு. மற்றதை விரலால் தடவியபின் ஒட்டு. இறுகியதும் இரண்டையும் இழுத்து உடைத்து, முகங்களைப் பார். இரு துண்டிலும் பசை படிந்திருந்தால், பசையே கிழிந்திருக்கிறது, ஒட்டு சரி. ஒரு துண்டில் எஃகு பளிச்சென்று தெரிந்தால், அங்கே பசை பற்றவேயில்லை. பார்த்ததை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் மாமா