பால்வாடி ஆசிரியைக்குப் பயிற்சி ஏன்?

நம் கிராமங்களில் பலரும் இன்றும் அங்கன்வாடியைப் 'பால்வாடி' என்றே அழைத்து வருகின்றனர். குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் இடம் என்று அதற்குப் பொருள் கொள்வோரும் உண்டு. உண்மையில் நாம் அருந்தும் பாலுக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. 'பால்' என்பது வடநாட்டு மொழிகளில் குழந்தையைக் குறிப்பது. 'வாடி' என்பது மராத்தியிலும் குஜராத்தியிலும் தோட்டத்தைக் குறிப்பது. குழந்தைகளின் தோட்டம் என்பதே அச்சொல்லின் பொருளாகும்.

தோட்டம் என்று சொன்ன உடனே தோட்டக்காரரைப் பற்றிய கேள்வி எழுகிறது. நம் விவசாயிகள் நாற்றங்காலை யாரிடம் ஒப்படைக்கிறார்கள்? விதை நேர்த்தி தெரிந்தவரிடம், நீர் கட்டும் பதம் அறிந்தவரிடம் ஒப்படைக்கிறார்கள். நாற்றங்காலில் தவறியதை நட்ட வயலில் உரம் போட்டுச் சரிசெய்ய இயலாது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. அங்ஙனமாயின், குழந்தைகளின் நாற்றங்காலை நடத்தும் பெண்மணிக்கு மட்டும் பயிற்சி எதற்கு, சோறு ஆக்கிப் போடத் தெரிந்தால் போதாதா என்று கேட்பது பொருந்துமா? இக்கேள்வியைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் சற்று ஆழ்ந்து ஆராய வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

போர்டியில் தோன்றிய முறை

பால்வாடி என்ற முயற்சியின் வரலாற்றை முதலில் காண்போம். குஜராத்தில் பாவநகரில் 1920ஆம் ஆண்டில் கிஜுபாய் பதேகா என்பவர் ஒரு பாலர் மந்திரத்தை நிறுவினார். அவர் வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்தவர். அவரோடு சேர்ந்து உழைத்த தாராபாய் மோடக் அம்மையார், பின்னர் இக்கல்வி நகரத்துச் செல்வர் வீட்டுக் குழந்தைகளோடு நின்றுவிடலாகாது என்று எண்ணினார். 1945ஆம் ஆண்டில் அன்றைய தானா மாவட்டத்தில் போர்டி என்னும் கடற்கரைக் கிராமத்தில் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் என்னும் அம்மையார் அங்கே அவருக்குத் துணையானார். சிறுவயதிலேயே மணம் செய்விக்கப்பட்டுச் சில மாதங்களில் கணவரை இழந்த அவர், விடாமுயற்சியால் கல்வி கற்று ஆசிரியை ஆனவர்.

போர்டியிலும், பின்னர் அதனருகே கோஸ்பாட் குன்றிலும் அவர்கள் கண்டதென்ன? பழங்குடி மக்களின் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. குழந்தைகள் வராவிடில் பள்ளியே குழந்தைகளிடம் செல்ல வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். குடிசைகளின் முற்றத்திலேயே வகுப்பை நடத்தினார்கள். முற்றத்திற்கு அங்கே 'அங்கண்' என்று பெயர். அங்கன்வாடி என்ற சொல்லின் பொருள் இதுதான். மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடத்தினார்கள்.

விலை மிகுந்த வெளிநாட்டுக் கருவிகளை வாங்க அவர்களுக்குப் பணமில்லை. கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை, களிமண் ஆகியவற்றைக் கொண்டே எண்ணவும், வகைப்படுத்தவும், நிறம் அறியவும் கற்பித்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டி நகம் வெட்டித் தலை வாருவதையும் பாடத்தின் பகுதியாகவே கொண்டார்கள். இவ்வளவுக்கும் ஆசிரியைகள் தேவைப்பட்டமையால், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் அளித்தார்கள். ஏழைக் கிராமத்திற்குக் கட்டடத்தை விடவும், கருவிகளை விடவும் முதலில் தேவைப்படுவது பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை என்பதே கோஸ்பாட் நமக்கு உணர்த்தும் பாடம்.

தமிழ்நாட்டிற்கும் இத்துறையில் பழைய தொடர்பு உண்டு. இத்தாலிய நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணிபுரிந்தார்.

நாட்டின் பொறுப்பு, பஞ்சாயத்தின் பொறுப்பு

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி, பள்ளி முன்பருவக் கல்வி என்னும் ஆறு பணிகள் அதில் அடங்கும். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் நடைபெறுகின்றன.

2002ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, ஆறு வயது நிறைவடையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் கிடைக்க அரசு முயல வேண்டும் எனக் கூறுகிறது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடும் ஒன்று. ஆகவே குழந்தைகள் மையம் வேறு யாருடைய அலுவலகமோ என்று பஞ்சாயத்து ஒதுங்கியிருக்க நியாயமில்லை.

பயிற்சியில் கற்பது யாது?

ஐந்து வயதிற்குள் குழந்தையின் மூளை வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இந்தப் பருவத்தில் குழந்தையோடு பழகுவோர் அறிய வேண்டியவற்றை நான்காகப் பகுத்துக் காண்போம்.

முதலாவது, குழந்தை வளர்ச்சியின் படிகள். எந்த வயதில் நடக்க வேண்டும், எந்த வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும் என்பதைப் பயிற்சி பெற்றவர் அறிவார். மூன்று வயதுக் குழந்தை ஒன்று மையத்திற்கு வந்து ஒரு மாதமாகியும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியில்லாதவர் 'மந்தமான பிள்ளை' என்று ஒதுக்கிவிடுவார். பயிற்சி பெற்றவரோ பின்னால் நின்று மெல்லக் கைதட்டிப் பார்ப்பார்; காது கேளாமை என ஐயுற்றால் உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்வார். 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கே வந்து பரிசோதிக்கின்றனர். மேற்சிகிச்சைக்கு மாவட்ட இடையீட்டு மையங்களும் உள்ளன. ஆனால் குழுவினர் ஆண்டுக்கு இரு முறையே வருவர். நாள்தோறும் குழந்தையைக் காண்பவர் ஆசிரியைதான். அவர் கண்ணில் தப்பிய குறை, பல ஆண்டுகள் கழித்துப் பள்ளியில்தான் வெளிப்படும். அதற்குள் மொழி கற்கும் அரிய காலம் கழிந்துவிடும்.

இரண்டாவது, உடல்நலம். மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்தல், கோடு கீழ்நோக்கிச் சாய்ந்தால் காரணம் ஆராய்தல் ஆகியவை இதில் அடங்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறை. உடன் மருத்துவ உதவி தேவை. 11.5 முதல் 12.5 வரையென்றால் நடுத்தரமான ஊட்டக்குறை. நாடாவை எங்கே வைத்து எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியாதவர் அளந்தால், கணக்கு ஏட்டில் குழந்தை நலமாகவும், வீட்டில் மெலிந்தும் இருக்கும்.

மூன்றாவது, விளையாட்டின் வழியே கற்பித்தல். மூன்று வயதுக் குழந்தையின் விரல் தசைகள் எழுதுகோல் பிடிக்க இன்னும் பக்குவப்படவில்லை. மணி கோத்தல், களிமண் உருட்டுதல், மணலில் கோடு இழுத்தல் ஆகியவை அவ்விரல்களை எழுத்துக்கு ஆயத்தம் செய்கின்றன. பெரிய கல்லையும் சிறிய கல்லையும் பிரித்து வைத்தலே கணிதத்தின் தொடக்கம். கதை கேட்டலும் பாட்டுப் பாடுதலும் வாசிப்பின் அடிப்படை. நம் மாநில மையங்களுக்கென அமைந்த 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் இந்நெறியையே பின்பற்றுகிறது.

நான்காவது, பெற்றோருடன் பழகுதல். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் மசித்த உணவும் தர வேண்டும் என்று ஒரு மாமியாருக்கு எடுத்துச் சொல்வது எளிதன்று. அதட்டினால் அடுத்த நாள் கதவே திறக்காது. முதலில் கேட்டு, பிறகு செய்து காட்டும் முறையும் பழகிப் பெற வேண்டிய கலையே.

ஒரு தவறான எண்ணம்

'அங்கே விளையாடத்தானே விடுகிறார்கள், எழுத்துச் சொல்லித் தருவதில்லையே' என்ற குறையைப் பெற்றோர் கூறுவதுண்டு. அக்குறைக்கு அஞ்சி ஆசிரியை பலகையைக் கையில் கொடுத்து நாள் முழுதும் எழுத வைப்பாரானால், பெற்றோர் மகிழலாம், குழந்தை களைத்துப்போகும், படிப்பென்றால் வெறுப்புண்டாகும். பயிற்சியில் சரியாகக் கற்று வந்தவரையும் ஊரின் வற்புறுத்தல் தவறான வழிக்குத் திருப்பிவிடக்கூடும். பச்சை நாற்றைப் பிடித்து இழுத்து உயரமாக்க யாரும் முயல்வதில்லை. இதைக் கிராம சபையில் எடுத்துச் சொல்லும் கடமை பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு உண்டு. ஆசிரியை தனியே சொன்னால் தம் வேலையைத் தட்டிக் கழிக்கிறார் என்பர். தலைவர் சொன்னால் கேட்பர்.

தொழிலாக ஏற்க விரும்பும் பெண்களுக்கு

நம் வீட்டுப் பெண்கள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அடுத்து யாது செய்வதென்று தயங்கி நிற்கின்றனர். ஒன்றிய அரசு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அங்கன்வாடிப் பணியாளருக்குக் குறைந்த அளவுக் கல்வித் தகுதி பன்னிரண்டாம் வகுப்பு. உதவியாளர்கள் ஐந்து ஆண்டு அனுபவத்திற்குப் பின் பணியாளராகவும், பணியாளர்கள் ஐந்து ஆண்டு அனுபவத்திற்குப் பின் மேற்பார்வையாளராகவும் உயர, அப்பணியிடங்களில் 50 விழுக்காடு அவர்களுக்கென ஒதுக்க வேண்டும் எனவும் அது கூறுகிறது. மாநில விதிகளில் வயது, தகுதி முதலியவை மாறக்கூடும்; ஆதலால் விண்ணப்பிக்கும் முன் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேட்டறிதல் நலம்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியையும், அதற்குக் குறைந்த கல்வி உடையோருக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. மேலும் படிக்க விரும்புவோர் மனையியலையும் மனித வளர்ச்சி இயலையும் பட்ட வகுப்பில் பயிலலாம். கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனம் இத்துறையில் நெடுங்காலமாகப் பணிபுரிந்து வருவது.

இப்பணியில் கிடைக்கும் ஊதியம் பெரிது என்று நாம் கூறமாட்டோம். உழைப்பை நோக்க அது குறைவே. ஆயினும், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது வெறும் தொண்டு அன்று, முறையான பணியே என்ற எண்ணம் வலுப்பெற்று வருவதற்கு இத்தீர்ப்பு ஒரு சான்று.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. ஆசிரியை பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் மையம் மூடிக் கிடவாமல், துறையுடன் கலந்து மாற்று ஏற்பாடு செய்தல். 'நீ போனால் மையம் என்னாவது' என்று பயிற்சியைத் தடுப்பது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்.

2. குடிநீர், கழிப்பறை, மின்விளக்கு, சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பள்ளி முன்பருவக் குழந்தைகளுக்கு ஏற்ற அளவில் அமைத்துத் தருதல். மூடாத கிணறோ குழியோ அருகில் இருப்பின் அன்றே மூடுதல்.

3. காலை வேளையில் குழந்தைகளுடன் இருக்க வேண்டிய ஆசிரியையை ஊர்ப் பணிகளுக்கு அழையாதிருத்தல். கணக்கெடுப்பு, கூட்டம் ஆகியவற்றைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

4. தச்சர், குயவர், தையல் தெரிந்தோர் ஆகியோரைக் கொண்டு மரக்கட்டை, மண் பொம்மை, துணிப் பந்து முதலியன செய்வித்தல். கோஸ்பாட் செய்தது நம் ஊருக்கும் இயலும்.

5. நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் தாய்மார்கள் வயலில் எவ்வளவு நேரம் இருக்கின்றனர் என்பதை ஆராய்ந்து, மையத்தின் நேரம் முடிந்தபின் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்று மகளிர் குழுக்களுடன் சேர்ந்து திட்டமிடுதல்.

6. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், ஒரு கூட்டத்திலேனும் ஆசிரியையை அழைத்துக் குழந்தைகளின் எடைக் கணக்கை ஊரார்முன் வைக்கச் செய்தல். எந்தக் குழந்தையின் பெயரும் சொல்லவேண்டியதில்லை. மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேர் மெலிந்துள்ளனர் என்பது போதும்.

கூடிச் சிந்திக்கச் சில வினாக்கள்

நம் ஊரில் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுள் நாள்தோறும் மையத்திற்கு வருவோர் எத்தனை பேர்? வராதவர் வீடு எங்கே உள்ளது, வராமைக்குக் காரணம் தொலைவா, வறுமையா, வேறு ஏதேனும் வேற்றுமையா? நம் ஆசிரியை கடைசியாகப் பயிற்சிக்குச் சென்றது எப்போது? அங்கே கற்று வந்ததை நாம் அவரிடம் ஒரு முறையேனும் கேட்டதுண்டா?

கடைசி வினாவிற்கு 'இல்லை' என்பதே விடையாயின், அதிலிருந்தே தொடங்கலாம். நாளைக் காலை வயலுக்குப் போகும் வழியில் மையத்தின் வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஒரு குழந்தை கூழாங்கற்களைப் பெரியது சிறியதெனப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கலாம். அது வீண் விளையாட்டன்று. நம் ஊரின் நாளைய கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அதை அறிந்து, அருகே அமர்ந்து, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்மணிக்குப் பயிற்சியும் மதிப்பும் கிடைக்கச் செய்வது நம் கடமையாகும்.