பள்ளிவாசல் எழுப்பிய எழுத்தர்

பள்ளிவாசல்களின் வரலாறு எழுதுவோர் மன்னரையும் பெருவணிகரையும் போற்றுவர். அது தகும். ஆயினும் பெருஞ்செல்வரல்லாத ஒருவரும் இறையில்லம் எழுப்ப இயலும் என்பதற்குச் சிங்கப்பூர் டன்லப் தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசல் சான்றாகும். பள்ளியின் பெயரை அறிந்தோரும் அப்பெயருக்குரியவரை அறிந்திலர். அவரை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பள்ளி

1859ஆம் ஆண்டளவில் அங்கு எளியதொரு பள்ளி அமைந்தது. அருகில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. தென்னிந்திய முஸ்லிம் வணிகரும், குதிரைகளைப் பேணிவந்த பாவியான் தீவினரும் அப்பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுதனர். காலப்போக்கில் புதிய கட்டடம் வேண்டியதாயிற்று.

அறங்காவலரின் வழி

ஷெய்கு அப்துல் கபூர் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் எழுத்தர், பள்ளியின் அறங்காவலருமாவார். பள்ளி நிலத்தில் கடைவீடுகளும் கொட்டகைகளும் கட்ட அவர் இசைவு பெற்றார். அவற்றின் வாடகை திருப்பணிக்கு நிதியாயிற்று. 1907இல் தொடங்கிய பணி 1927இல் நிறைவெய்தியது. அந்நிறைவைக் காணுமுன்னரே அவர் மறைந்தார்.

இங்கு நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். நன்கொடை ஒருமுறை வரும். வாடகையோ திங்கள்தோறும் வரும். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) வினவியபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைவை அறம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) வழிகாட்டினார்கள். வக்ஃபின் அடிப்படை இதுவே. நிலம், பத்திரம், குத்தகை ஆகியவற்றோடு பழகிய எழுத்தர் அந்நெறியைச் செயலாக்கினார் என நாம் கருதுகிறோம்.

கட்டடச் சிறப்பு

பள்ளியின் முகப்பில் இருபத்தைந்து கதிர்களுடன் கூடிய கதிரவன் வடிவம் உண்டு. ஒவ்வொரு கதிரும் ஒரு நபியின் பெயரை அரபு எழுத்தில் தாங்கி நிற்கிறது. 1979இல் சிங்கப்பூர் அரசு இப்பள்ளியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2003இல் இது புதுப்பிக்கப்பெற்றது.

முடிவுரை

நம் ஊர்களிலும் பள்ளிக்கென முன்னோர் விட்டுச்சென்ற மனைகள் பல வெறுமனே கிடக்கின்றன. பள்ளியோ ஓடு மாற்றுவதற்கும் துண்டேந்துகிறது. பெரியோர்கள் அம்மனைகளின் பத்திரங்களை எடுத்துப் பார்ப்பார்களாக. மாணவர்கள் தத்தம் ஊர்ப் பள்ளியைப் பேணியவர் யாவர் எனக் கேட்டு எழுதிவைப்பார்களாக. அறிந்தவர் மறையுமுன் அப்பணி தொடங்குதல் வேண்டும்.