மதினி பெயருக்கு வீடு மாறிய கதை

அண்ணன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. பத்திரம் அவர் பெயரில் மட்டும். உயில் எழுதவில்லை. அவர் போன பிறகு வீடு தானாகவே மதினிக்கு வந்துவிடும் என்றுதான் சொந்தபந்தம் முழுக்கப் பேசிக்கொண்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குச் சம பங்கு. தகப்பனார் இருந்தால்கூட இந்த வரிசையில் வரமாட்டார், தாய் வருவார். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருவர். ஆக மதினிக்குக் கிடைத்தது கால் பங்கு. இன்னொரு கால் பங்கு எங்கள் அம்மாவுக்கு.

"என் பிள்ளை கட்டின வீட்டுல எனக்கு எதுக்குடா பங்கு?" என்றார் அம்மா. பெருந்தன்மைதான். ஆனால் வாயால் சொன்னால் பங்கு போய்விடாது. அம்மா கையெழுத்துப் போடாமலே காலமாகிவிட்டால் அந்தக் கால் பங்கு எனக்கும் என் தங்கைக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் பிரிந்து வரும். மதினிக்கு அதில் ஒரு துளிகூட வராது. நாளைக்கு வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் எங்கள் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். இழவு வீட்டில் பேசுகிற பேச்சா என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு நான் சொல்வது, பதினாறாம் நாள் முடியட்டும், அடுத்த வருஷத்துக்குப் போகவேண்டாம்.

முதலில் இறப்புச் சான்றிதழ். அதில் உள்ள பெயரும் முன்னெழுத்தும் பத்திரத்திலும் ஆதாரிலும் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ். யார் யார் வாரிசு என்று அது சொல்லுமே தவிர, சொத்தை யார் பெயருக்கும் மாற்றித் தராது. நாமினி விஷயமும் இப்படித்தான். வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும்; ஆனால் மற்ற வாரிசுகளின் பங்கு அதனால் அழிவதில்லை. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

வீடு முழுவதும் மதினி பெயருக்கு வர, அம்மாவும் பிள்ளைகள் இருவரும் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். குடும்பத்துக்குள் என்பதால் செலவு குறைவு: விட்டுக்கொடுக்கும் பங்கின் மதிப்பில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் இவற்றின் உச்சவரம்பை 40,000, 10,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். பிள்ளைகள் இருவரும் 18 தாண்டியவர்கள். மைனராக இருந்தால் தாயேகூட நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர்கள் பங்கைக் கைமாற்ற முடியாது.

பத்திரம் தயாரானதும் அம்மா தயங்கினார். "கையெழுத்துப் போட்டுட்டா நான் எங்கடா இருப்பேன்?" நியாயமான கேள்வி. வயதானவரை 'சும்மா ஒரு கையெழுத்து' என்று அழைத்துப்போவது எனக்குப் பிடிக்காது. விட்டுக்கொடுக்கிறவருக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியவேண்டும். "இது உங்க வீடு அத்தை, எங்கயும் போக வேண்டாம்" என்றார் மதினி. அந்த வார்த்தையோடு நிற்காமல், ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு என்ற வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொன்னோம். வழக்கறிஞரை வைத்து எழுதியதால் அது ஒழுங்காக அமைந்தது. நடமாட முடியாதவராக இருந்தால் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

பதிவு முடிந்ததும் வில்லங்கச் சான்று போட்டு, விடுதலைப் பத்திரம் அதில் ஏறிவிட்டதா என்று பார்த்தோம். பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு.

இந்தக் கணக்கு இந்துக் குடும்பங்களுக்கு. பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, மாமியாருக்கு எதுவும் இல்லை. முஸ்லிம் குடும்பத்தில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. பக்கத்து வீட்டில் செய்ததைப் பார்த்துப் பத்திரம் எழுதினால் இந்த இடத்தில்தான் சிக்கும்.