நமக்கு மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர்: தென்பெண்ணை கற்றுத்தரும் பாடம்

கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலிருந்து தென்பெண்ணை வெள்ளை நுரையாகப் பொங்கி வருவது ஒசூர் வட்டாரக் குழந்தைகளுக்குப் பழகிப்போன காட்சி. "நுரை எங்கிருந்து வருகிறது?" என்று வகுப்பில் கேட்டால், "பெங்களூரிலிருந்து சார்" என்பார்கள். விடை சரிதான், ஆனால் அது பாதி விடை. மீதியை மாணவர்களே கண்டறிய, ஆறாம் வகுப்பின் 'நீர்' பாடத்தை ஒட்டி நான் நடத்தும் மூன்று செயல்பாடுகளைப் பகிர்கிறேன்.

செயல்பாடு 1: ஆற்றை வரைதல்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் ஆற்றை மாணவர்கள் சார்ட்டில் வரைவார்கள். பெங்களூரின் கழிவுநீர் சேரும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் இந்த ஆற்றில்தான் கலக்கிறது. பெல்லந்தூர் ஏரி 2015, 2017 ஆண்டுகளில் தீப்பற்றிய செய்தியையும் சொல்வேன். பிறகு, "ஒசூருக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பேன். கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடலூர் என்று கோடு கடல்வரை நீளும். பெங்களூருக்கு நாம் கீழ் ஊர், கிருஷ்ணகிரிக்கு நாம் மேல் ஊர் என்பது அப்போது அவர்களுக்கே புரிந்துவிடும்.

செயல்பாடு 2: மூன்று பாட்டில்கள்

ஒரே அளவு நீர் நிரப்பிய மூன்று பாட்டில்களில் ஒன்றை அப்படியே விடவும். இரண்டாவதில் ஒரு சிட்டிகை சலவைத்தூளும், மூன்றாவதில் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் சேர்த்து, மூடிக் குலுக்கவும். (பழைய எஞ்சின் ஆயிலைக் குழந்தைகள் கையில் தர வேண்டாம்.) சலவைப் பொருள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், உள்ளே புகும் காற்று நுரையாக நிற்கிறது. மதகில் நீர் விழும்போது நடப்பதும் இதுதான். மூன்றாவது பாட்டிலைச் சற்று நேரம் அசைக்காமல் வைத்தால் எண்ணெய் மேலே படலமாகப் பரவும். ஆற்றில் இப்படிப் படலம் மூடினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவது குறைந்து மீன்கள் திணறும்.

செயல்பாடு 3: எங்கள் தெருக் கணக்கு

ஒரு வாரம் மாணவர்கள் தம் வீட்டில் மட்டும் கவனித்து எழுதுவார்கள். துணி துவைத்த நீர் எங்கே போகிறது? வண்டியை எங்கே கழுவுகிறோம்? பழைய ஆயில், பேட்டரி, மீந்த பெயிண்ட் என்ன ஆகின்றன?

கணக்குப் பாடத்தையும் இதில் சேர்க்கலாம். ஒரு காரில் ஒருமுறை மாற்றும் பழைய ஆயில் 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளாக இதைக் கணக்கிட்டால் 300-க்கும் மேல் வரும்.

இங்கே ஆசிரியர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வண்டித் தொழிலை நம்பி வாழும் ஊர் இது. மெக்கானிக் வீட்டுப் பிள்ளை வகுப்பில் தலைகுனியக் கூடாது. அதனால் தாளில் யார் பெயரும் எழுதச் சொல்வதில்லை. மாறாக, பழைய ஆயிலைக் கேனில் சேர்த்து வைப்பது எப்படி என்று அந்தப் பிள்ளையையே விளக்கச் சொல்வேன். வகுப்பில் அவனைவிட அதை நன்கு அறிந்தவர் இல்லை. பழைய ஆயில் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதி என்பதையும் அப்போது சேர்த்துச் சொல்லலாம்.

முடிவில் ஒவ்வொருவரும் வீட்டில் செய்யக்கூடிய ஒரு மாற்றத்தை எழுதுவார்கள். சலவைத்தூளை அளந்து போடுவது, வண்டியைக் குழாய்நீருக்குப் பதில் ஈரத்துணியாலும் ஒரு வாளி நீராலும் துடைப்பது, பழைய பேட்டரியைக் கடையிலேயே திருப்பித் தருவது போன்றவை. சாயக்கழிவோ தோல்கழிவோ ஊருக்கு ஊர் மாறலாம். உங்கள் பள்ளி நொய்யல் கரையிலோ பாலாற்றங்கரையிலோ இருந்தாலும் ஆற்றை வரைவதிலிருந்தே தொடங்குங்கள். மேல் ஊரிடம் நாம் கேட்கும் நியாயத்தைக் கீழ் ஊருக்கு நாம் தருகிறோமா என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள்.