உயிர்மருத்துவப் பொறியியலும் அடித்தள ஆண்டும்

பள்ளி இறுதி வகுப்புகளில் உயிரியலை விரும்பிக் கற்றுக் கணிதத்தைக் கைவிட்ட மாணாக்கர் ஒருவர், செயற்கைச் சிறுநீரகத்தையும் செயற்கை இருதய வால்வையும் உருவாக்கும் பொறியியலைப் பிற்பாடு பயில விரும்பினால் அவருக்கு வழி உண்டா? இக்கேள்விக்குப் பிரிட்டிஷ் பல்கலைக் கழகங்கள் பல அளித்துள்ள விடையே ‘அடித்தள ஆண்டு’ எனப்படும் ஏற்பாடாகும்.

இங்கிலாந்தில் மாணாக்கர்கள் பதினாறாம் வயதிலேயே தம் பாடங்களைச் சுருக்கிக் கொள்கின்றனர். ‘ஏ லெவல்’ என்னும் தேர்வுக்குப் பெரும்பாலோர் மூன்று பாடங்களையே எடுத்துப் படிப்பது வழக்கம். உயிரியல், ரசாயனம், வரலாறு ஆகியவற்றைத் தேர்ந்தவருக்குப் பதினெட்டு வயதில் பொறியியல் கல்வியின் வாயில் அடைபட்டு விடுகிறது. மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு முன்னால் ஓர் ஆண்டைச் சேர்த்து, அதில் கணிதத்தையும் பௌதிகத்தையும் கற்பித்து, தேறியவர்களை முதலாம் ஆண்டில் அமர்த்துகிறார்கள். இதனைச் சிலர் ‘பூஜ்ய ஆண்டு’ என்றும் அழைப்பர். பெயர் சற்று ஏளனமாக ஒலிப்பினும், அவ்வாண்டில் பெறுவது பூஜ்யமன்று. நம் நாட்டிலும் பத்தும் இரண்டும் என்ற பள்ளி முறை பரவுவதற்கு முன்னர், பல பல்கலைக் கழகங்களில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்து வந்தது. ஆனால் அது பட்டப் படிப்புக்குச் செல்லும் யாவருக்கும் உரிய படி. அடித்தள ஆண்டோ பாடம் தவறியவர்களுக்கு மட்டுமே உரியது.

அவ்வாண்டின் பாடங்கள் கணிதம், பௌதிகம், ரசாயனம், மனித உடலியல், ஆய்வுக்கூடப் பயிற்சி, கணிப்பொறி நிரல் எழுதுதல் ஆகியன. இவை இடத்துக்கு இடம் சிறிது வேறுபடும். இவற்றுள் மாணாக்கர் பெரிதும் அஞ்சுவது கணிதத்தையே. அக்கணிதம் எதற்காக என்பதை நோயாளி ஒருவரின் படுக்கை அருகிலிருந்தே விளக்குவது நலம்.

செயற்கைச் சிறுநீரகம் கற்பிக்கும் கணிதம்

சிறுநீரகங்கள் செயலிழந்த ஒருவரின் இரத்தத்தில் யூரியா போன்ற கழிவுகள் தேங்குகின்றன. இரத்தத்தை உடலுக்கு வெளியே கொணர்ந்து, நுண்துளைகள் உள்ள சவ்வின் ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் உப்புகள் கலந்த நீரை ஓடவிட்டால் கழிவுகள் சவ்வின் வழியே நீரில் இறங்கிவிடும். இதுவே டயாலிசிஸ். ஹாலந்து நாட்டின் காம்பென் நகரில், போர்க் காலத்தில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் 1943-இல் இத்தகைய யந்திரத்தை மனிதருக்குப் பயன்படுத்தினார். சவ்வாக அமைந்தது, மாமிசப் பண்டம் அடைப்பதற்கு உபயோகமாகும் செல்லோஃபேன் குழாய். யந்திரத்தை அமைக்க உதவியவர் அவ்வூர் எனாமல் தொழிற்சாலையின் தலைவர் பெர்க். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். மருத்துவரும் தொழிற்சாலைக்காரரும் கூடிச் செய்த அவ்வேலைக்கு உயிர்மருத்துவப் பொறியியல் என்ற பெயர் அன்று வழக்கில் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். நோயாளியின் உடலில் ஏறத்தாழ 40 லிட்டர் நீர் உண்டு என்றும், யூரியா அதில் எங்கும் சமமாகக் கலந்துள்ளது என்றும் கொள்க. யந்திரம் நிமிடத்திற்கு 200 மில்லி லிட்டர் நீரிலுள்ள யூரியாவை முற்றும் நீக்கும் திறன் உடையது. 40,000 மில்லி லிட்டரை 200-ஆல் வகுத்தால் 200 நிமிடம் வருகிறது. ஆகவே மூன்று மணி இருபது நிமிடத்தில் உடல் முற்றும் சுத்தமாகிவிடும் என்று விகிதக் கணக்கு மட்டும் அறிந்தவர் கூறுவார். அது பிழை.

பிழை எங்கே நேர்ந்தது? சுத்தமான இரத்தம் தனியே ஒரு பாத்திரத்தில் சேர்வதில்லை. அது மீண்டும் உடலுக்கே திரும்பி, எஞ்சிய யூரியாவுடன் கலந்து விடுகிறது. முதல் நிமிடத்தில் யந்திரம் நீக்குவது மொத்த யூரியாவில் இருநூற்றில் ஒரு பங்கு. இரண்டாம் நிமிடத்தில் நீக்குவது எஞ்சியதில் இருநூற்றில் ஒரு பங்கு. இவ்வாறு நீக்கம் வரவரக் குறைந்து கொண்டே போகிறது. இருப்பு எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில் இருப்பே தேயும் இந்நிலையை ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டால் எழுதலாம்; அதன் விடை 2.718 என்ற எண்ணின் அடுக்குகளாக வருகிறது. யந்திரத்தின் திறனை நேரத்தால் பெருக்கி, உடல் நீரின் அளவால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அவ்வடுக்கு. நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம் சிகிச்சை நடந்தால் அது 1.2 ஆகும், எஞ்சும் யூரியா நூற்றுக்கு 30. எட்டு மணி நேரம் நடந்தாலும் நூற்றுக்கு 9 எஞ்சியே தீரும். முற்றும் நீங்கும் நேரம் என்று ஒன்று கணிதத்தில் இல்லை.

மருத்துவமனைகளில் ‘கேடி பை வி’ என்று வழங்குவது இவ்வெண்ணைத்தான். கோட்ச், சார்ஜென்ட் என்ற இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வின் மூலம் இது பரவலாயிற்று. வாரம் மூன்று முறை சிகிச்சை பெறுவோருக்கு ஒவ்வொரு முறையும் 1.2-க்குக் குறையலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. இனி, படுக்கைகள் குறைவு, காத்திருப்போர் மிகுதி என்ற காரணத்தால் நான்கு மணியை மூன்றாகக் குறைத்தால் என்ன ஆகும்? அடுக்கு 0.9 ஆகிறது, எஞ்சுவது நூற்றுக்கு 41. ஒரு மணி நேரம் போனால் போகட்டும் என்பவர் இந்த எண்ணைப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். உடலின் அளவும் முக்கியம். 60 லிட்டர் உடல் நீருள்ள பெருத்த உடலினருக்கு அதே யந்திரம் அதே நான்கு மணியில் அளிப்பது 0.8 மட்டுமே, அவர் உடலில் நூற்றுக்கு 45 பங்கு யூரியா எஞ்சி நிற்கும். எல்லோருக்கும் ஒரே நேரம் என்ற விதி வசதியானது, ஆனால் நியாயமானதன்று.

அடித்தள ஆண்டு மாணாக்கர் இதற்கு மேலும் ஒரு படி செல்ல வேண்டும். யூரியா எங்கும் சமமாகக் கலந்துள்ளது என்று கொண்டது ஓர் எளிமையே. உண்மையில் திசுக்களிலிருந்து இரத்தத்திற்கு அது மெதுவாகவே வருகிறது. ஆகவே சிகிச்சை முடிந்த கணத்தில் எடுத்த இரத்தம் உண்மையினும் சுத்தமாகத் தோன்றும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் யூரியாவின் அளவு மீண்டும் சிறிது ஏறும். கணக்கு பொய்யாகவில்லை, அதன் எல்லை தெரிந்தது.

ரசாயனமும் இங்கே அலங்காரத்திற்காக வைத்த பாடமன்று. உப்பு நீர் நிமிடத்திற்கு 500 மில்லி லிட்டர் வீதம் ஓடினால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் நீர், ஒரு மெல்லிய சவ்வின் மறுபுறம் நோயாளியின் இரத்தத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. நாம் அருந்தும் நீரிலுள்ள மாசுக்கு நம் குடலும் சிறுநீரகமும் காவல். இவருக்கு அக்காவல் இல்லை. நகராட்சி நீரைச் சுத்திகரிக்கச் சேர்க்கும் குளோரமீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நீரில் கலந்த அலுமினியம் நாளடைவில் மூளையைத் தாக்கும். இவ்விரண்டும் அனுபவத்தில், நோயாளிகளின் துன்பத்தின் வாயிலாகவே அறியப்பட்டவை. நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் இச்சிகிச்சையை மாவட்ட மருத்துவமனைகள் வரை கொண்டு சென்றுள்ளது. யந்திரங்களைப் போலவே, நீரைச் சோதிக்கத் தெரிந்தவர்களும் அங்கே தேவைப்படுகின்றனர்.

வால்வும் உலோகச் சோர்வும்

பொருள்களின் இயல்பைப் பற்றிய பாடத்திற்குத் திருவனந்தபுரத்து உதாரணமே சிறந்தது. கீல்வாதக் காய்ச்சலால் இருதய வால்வு கெட்ட இளைஞர்கள் நம் நாட்டில் ஏராளம். இறக்குமதியான செயற்கை வால்வின் விலையோ பலருக்கு எட்டாதது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானத் தொழில்நுட்பக் கழகம் 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அதன் இயக்குநராக விளங்கிய அறுவை மருத்துவர் வலியத்தானும் பொறியாளர் புவனேஷ்வரும் அங்கே சாய்தட்டு வால்வை உருவாக்க முற்பட்டனர். ஒரு வளையத்தினுள் ஒரு சிறு வட்டத் தட்டு. இரத்தம் தள்ளும்போது சாய்ந்து திறக்கும், திரும்பும்போது மூடும். பார்வைக்கு இவ்வளவே.

ஆனால் இருதயம் நிமிடத்திற்கு 72 முறை துடித்தால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் துடிப்புகள். ஒரு கம்பியை இருமுறை வளைத்தால் ஒன்றும் ஆவதில்லை. ஓயாமல் வளைத்தால் ஒடிகிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். முதல் மாதிரியில் எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்த இணைப்புகள் இச்சோர்வைத் தாங்கவில்லை. இரண்டாவதில், கடினமான செயற்கை நீலக்கல் தட்டு டைட்டேனியச் சட்டத்தைத் தேய்த்துவிட்டது. சட்டத்தை வலிய உலோகக் கலவையால் செய்த மூன்றாவதில் தட்டே உடைந்தது. நான்காவது மாதிரியில் கோபால்ட் அடிப்படையிலான ஹேய்ன்ஸ் கலவைச் சட்டமும், மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள பாலிஎதிலீன் தட்டும், பாலியெஸ்டர் துணி வளையமும் அமைந்தன. மிகக் கடினமான பொருள் தோற்ற இடத்தில் மென்மையானது நிலைத்தது. விரைவுபடுத்திய சோதனையில் 36 கோடி முறை, அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட துடிப்புகளுக்கு ஈடாக, அது திறந்து மூடியது. செம்மறியாடுகளில் சோதித்த பின், 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பின் பல்லாயிரக்கணக்கானோர் அதனைப் பெற்றுள்ளனர்.

இந்திய மாணாக்கர் கவனிக்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும் கற்று நல்ல மதிப்பெண் பெற்றவருக்கு அடித்தள ஆண்டு பெரும்பாலும் தேவைப்படாது. பிரிட்டிஷ் பல்கலைக் கழகங்கள் பல அத்தகையோரை முதலாம் ஆண்டிலேயே சேர்த்துக் கொள்கின்றன. ஆயினும் அயல்நாட்டு மாணாக்கர்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் நடத்தும் ஆயத்தப் படிப்பை யாவருக்கும் அவசியம்போல் பரிந்துரைக்கும் முகவர்கள் உண்டு. ஓராண்டுக் கட்டணமும் ஓராண்டு வயதும் சிறு தொகையல்ல. நேரடிச் சேர்க்கை உண்டா என்று பல்கலைக் கழகத்துக்கே எழுதிக் கேட்பது முறை.

உயிரியல் பிரிவில் கணிதமின்றிப் பயின்றவரின் நிலை வேறு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட விதிகளில், பல்வகைப் பின்னணியிலிருந்து பொறியியலுக்கு வருவோருக்குக் கணிதம், பௌதிகம், பொறியியல் வரைபடம் போன்றவற்றில் இணைப்புப் பாடங்களைப் பல்கலைக் கழகங்கள் நடத்தலாம் என்று கூறப்பட்டது. சில வாரங்களில் முடிந்துவிடும் இணைப்புப் பாடம் ஓராண்டுக்கு ஈடாகாது என்பது வெளிப்படை. இரண்டாண்டுகள் கணிதத்தைத் தொடாதவர் மேற்கண்ட யூரியாக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும் நிலைக்கு வரச் சில மாதங்களேனும் வேண்டும்.

வெளிநாட்டு அடித்தள ஆண்டில் சேர விரும்புவோர் பணம் கட்டுமுன் மூன்று செய்திகளை எழுத்தில் பெற வேண்டும். அவ்வாண்டு பட்டப் படிப்பின் ஒரு பகுதியா, தனிச் சான்றிதழா என்பது ஒன்று. எத்தனை மதிப்பெண் பெற்றால் முதலாம் ஆண்டில் இடம் உறுதி, தவறினால் மறுதேர்வு உண்டா என்பது மற்றொன்று. அப்பட்டம் அந்நாட்டின் ‘இன்ஸ்டிடியூஷன் ஆஃப் மெக்கானிக்கல் என்ஜினீயர்ஸ்’ போன்ற தொழில்முறைக் கழகம் ஒன்றின் அங்கீகாரம் பெற்றதா என்பது மூன்றாவது. அங்கீகாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே வழங்கப்படுவதால், சேரும் ஆண்டுக்கு அது பொருந்துமா என்பதையும் உடன் கேட்டறிதல் வேண்டும்.