புறக்குளியலறையில் வெந்நீர்க் கருவி

பொழுது புலருமுன் பனியிலும் ஈரத்திலும் நின்று பால்மரம் சீவும் தொழிலாளிக்கு வெந்நீர்க் குளியல் ஓர் ஆறுதல். பிள்ளை பெற்ற தாய்க்கும் முதியோருக்கும் அது இன்றியமையாதது. முன்பு கொல்லைப்புறத்து விறகடுப்பும் அண்டாவும் இத்தேவையை நிறைவு செய்தன. இன்று அவ்விடத்தில் மின்சார வெந்நீர்க் கருவியைப் பொருத்தப் பலரும் விரும்புகின்றனர்.

இன்றைய பெட்டாலிங் ஜெயா, 1950களின் தொடக்கம் வரை எப்பிங்ஹாம் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த நகரம். அங்கு அடுக்ககத்தில் வாழும் மகனோ மகளோ தாம் பயன்படுத்தும் கருவியைப் போன்றே ஒன்றை வாங்கி, தோட்டத்திலுள்ள பெற்றோருக்குக் கொண்டுவருவதுண்டு. நல்லெண்ணமே. ஆயினும் அடுக்ககத்தில் குளியலறை வீட்டினுள்ளேயே இருக்கிறது. தோட்டத்திலோ பல வீடுகளில் அது வீட்டைவிட்டு விலகித் தனிக் கொட்டகையாக நிற்கிறது. இவ்வேறுபாட்டை மறந்தால் உயிருக்கே கேடு நேரலாம்.

தனி மின்சுற்று வேண்டும்

உடனடியாக நீரைச் சூடாக்கும் கருவி பொதுவாக 3,600 வாட் திறன் உடையது. 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஏறக்குறைய 15.6 அம்பியர் இழுக்கும். நாம் பயன்படுத்தும் பிளக்கோ 13 அம்பியர் தாங்குவது. எனவே, வீட்டிலிருந்து நீட்டிப்பு வயரை இழுத்துவந்து பிளக்கில் மாட்டுவது பெருந்தவறு. வயர் சூடேறி உருகும், தீயும் பற்றலாம்.

மின்பலகையிலிருந்து இக்கருவிக்கெனத் தனிச் சுற்று அமைத்தல் வேண்டும். வயர் முற்றத்தைக் கடப்பதால், மழையும் வெயிலும் தாக்காதவாறு குழாய்க்குள் செல்ல வேண்டும். தொலைவு மிகுந்தால் வயரின் பருமனும் மிக வேண்டும். ஈரக்கை படாதவாறு ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

உயிர்காக்கும் இரண்டு

ஏறத்தாழ 10 மில்லியம்பியர் மின்சாரம் உடலில் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பற்றிய பொருளை விட இயலாமற் போகும். 30 மில்லியம்பியருக்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பே குலையக்கூடும். 13 அம்பியர் என்பது 13,000 மில்லியம்பியர். ஆகவே பியூஸ் வயரைக் காக்குமேயன்றி மனிதரைக் காவாது.

மனிதரைக் காப்பவை இரண்டு. ஒன்று, எர்த் எனப்படும் நிலக்கம்பி. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறமுடையது. தண்ணீர்க் குழாய் அதற்கு ஈடாகாது. மற்றொன்று, மின்கசிவு ஏற்பட்ட நொடியே மின்சாரத்தை அறுக்கும் துண்டிப்பான். தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லியம்பியர் துண்டிப்பான் வேண்டுமென 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் கூறுகின்றன. கருவிக்குள் ஒரு துண்டிப்பான் இருப்பினும் மின்பலகையிலும் ஒன்று தேவை. முற்றத்தைக் கடந்துவரும் வயரைக் கருவிக்குள் இருப்பது காவாது. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது அடிக்கடி விழுகிறதென்று கழற்றிவிடாதீர்கள். விழுதல் என்பது அது தரும் எச்சரிக்கை.

எரிவாயுக் கருவியாயின்

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் கொதிகலனைச் சிலர் தனிக் கொட்டகையில் வைப்பர். எரிபொருள் எரிகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு தோன்றக்கூடும் என்பது அதற்கொரு காரணம். நாமும் எரிவாயுக் கருவியை மூடிய குளியலறைக்குள் வைக்கலாகாது. காற்றோட்டமுள்ள வெளிப்புறமே அதற்குரிய இடம்.

யாரைக் கொண்டு பொருத்துவது?

லயத்து வீடு தோட்டத்திற்கு உரியதாதலால், முதலில் நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள். சிரிம் முத்திரை உள்ள கருவியையே வாங்குங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டே பொருத்துங்கள். அவருக்குத் தரும் கூலி, கருவியின் விலையில் ஒரு பகுதியென்றே கருதுங்கள்.

சிந்திக்க

1. நம் குளியலறைக் கருவிக்குத் தனிச் சுற்று உண்டா?
2. ஸ்விட்ச் வெளியே இருக்கிறதா?
3. துண்டிப்பானை இறுதியாக எப்போது சோதித்தோம்?

இம்மூன்றனுள் ஒன்றிற்கேனும் விடை தெரியாதாயின், அது தெரியும்வரை ஓர் அண்டா வெந்நீரே நமக்குப் போதும்.